கோடை விஞ்ஞான வகுப்பும் வியாபாரி வீட்டு ஆயத்தமும்



பெருநாள் வியாபாரத்துக்கு நாம் எத்தனை மாதத்துக்கு முன்பிருந்து ஆயத்தம் செய்கிறோம்! சரக்குக்குச் சொல்லி வைக்கிறோம். கிட்டங்கியில் இடம் ஒதுக்குகிறோம். பழைய பாக்கியை வசூல் செய்து கைமுதலைத் திரட்டுகிறோம். ஆனால் நம் பிள்ளை ஒன்று வெளியூருக்குப் படிக்கப் போகிறது என்றால், ஒரு பெட்டியும் நாலு ஜோடி உடுப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆயத்தம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் தவறு என்பதை இவ்வாண்டு நம் வீட்டிலேயே நாம் கற்றுக்கொண்டோம். கற்றதை எழுதி வைத்தால் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்ற கருத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் மதரஸாவில் ஓதி, பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்து, பிறகு பினாங்கில் கடை ஏறியவர். விஞ்ஞானம் நமக்குத் தெரியாது. நம் மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடைபெறும் ஒரு கோடைக்கால விஞ்ஞான வகுப்புக்கு அவள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும் ஆயத்தம் பல மாதமாக நடந்து வருகிறது. கீழே எழுதியிருப்பவை அவள் படித்துச் சொன்னவையும், நாம் ஆசிரியர்களிடம் கேட்டறிந்தவையும், வீட்டில் அனுபவித்தவையுமாகும்.

1. இது என்ன வகுப்பு?

1957 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் தேதி ரஷ்யர்கள் ஸ்புட்னிக் என்னும் செயற்கைச் சந்திரனை வானில் ஏவினார்கள். அமெரிக்கர்கள் திடுக்கிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதவில்லையே என்று அங்கே எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். அந்த வேகத்தில் 1959 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரில், தாச்சர் பள்ளியில், இந்தக் கோடை வகுப்பு தொடங்கியது. ‘சம்மர் சயன்ஸ் புரோகிராம்’ என்பதே அதன் பெயர். பின்னாளில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சொக்கோரோ, கொலராடோ மாநிலத்துப் போல்டர் முதலிய ஊர்களின் பல்கலைக்கழகங்களிலும் நடந்தது. உயிர் இரசாயனத்துக்கும் தனி வகுப்பு உண்டு. நம் மகள் கேட்டிருப்பது வானியல் வகுப்பு.

சுமார் ஐந்தரை வாரம் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். ஓரிடத்தில் முப்பத்தாறு பேர் அளவில் இருப்பர். மூன்று மூன்று பேராகக் குழு பிரிந்து, பூமிக்கு அருகே வந்து போகும் ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் பல இரவுகள் படம் பிடித்து, அது சூரியனைச் சுற்றும் பாதையைத் தாமே கணக்கிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் அளந்த கணக்கு அமெரிக்காவிலுள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்பப்படுகிறது. உலகெங்கும் வானியலார் அளந்தனுப்பும் சிறுகோள் கணக்குகள் சேருமிடம் அதுவே. ஆகவே இது விளையாட்டுக் கணக்கன்று.

வியாபாரிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இவ்வகுப்பில் பள்ளி வயதில் படித்த பிராங்ளின் அந்தோணியோ என்பவர் பின்னர் குவால்காம் என்னும் பெரிய கம்பெனியைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். அவர் 2022 ஆம் ஆண்டு காலமானபோது, தம் சொத்திலிருந்து 20 கோடி டாலரை இவ்வகுப்புக்கென எழுதி வைத்திருந்தார். ஒரு கோடையில் தமக்குக் கிடைத்ததை அவர் எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இதைப் போல வேறு இடங்களும் உண்டு. பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள எம்.ஐ.டி. கல்லூரியில் ‘ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிடியூட்’ என்ற ஆறு வார வகுப்பு நடக்கிறது. அது 1984 இல் தொடங்கியது. தெரிந்தெடுக்கப்பட்டவர்க்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சிங்கப்பூரிலிருந்தும் மாணவர் சென்றிருக்கின்றனர். இன்னும் அருகே பார்த்தால், ஆசிய அறிவியல் முகாம் 2014 இல் சிங்கப்பூரிலும் 2017 இல் நம் பேராக் மாநிலத்துக் கம்பாரிலும் நடந்தது. எங்கே சென்றாலும் ஆயத்தம் பெரும்பாலும் ஒன்றே.

2. ஆறு எண்களின் கணக்கு

சிறுகோளின் பாதையைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன? இதை நம் மகள் நமக்கு விளக்கிய விதமாகவே எழுதுகிறோம்.

இரவில் கடற்கரையில் நின்று பார்க்கிறோம். தூரத்தில் ஒரு கப்பலின் விளக்குத் தெரிகிறது. எந்தத் திசையில் என்று சொல்லலாம். எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியாது. சிறுகோளும் அப்படித்தான். தொலைநோக்கியில் திசை தெரியும், தூரம் தெரியாது.

சிறுகோள் ஒரு நீள்வட்டத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அந்த நீள்வட்டத்தை முழுதும் சொல்ல ஆறு எண்கள் தேவை. அதன் அளவையும் வடிவையும் சொல்ல இரண்டு. வானவெளியில் அது எப்படிச் சாய்ந்து திரும்பிக் கிடக்கிறது என்று சொல்ல மூன்று. குறித்த நேரத்தில் சிறுகோள் அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒன்று. இனி, ஓரிரவு பார்த்தால் நமக்குக் கிடைப்பவை இரண்டு எண்கள்: பூமியில் ஓரிடத்துக்குத் தீர்க்கரேகையும் அட்சரேகையும் இருப்பது போல வானத்திலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. அப்படியானால் மூன்று இரவுக்கு ஆறு எண்கள். வேண்டியது ஆறு, கையிலிருப்பது ஆறு. கணக்கு நேராகிறது.

இந்த வழியை உலகுக்குக் காட்டியவர் காஸ் என்ற ஜெர்மானியர். 1801 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சிசிலித் தீவிலிருந்து பியாத்சி என்ற பாதிரியார் செரஸ் என்னும் சிறுகோளைக் கண்டார். நாற்பத்தொரு நாள் அதைப் பார்த்துக் குறித்தார். பிறகு அது சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தேடுவது என்று யாருக்கும் புரியவில்லை. அப்போது காஸுக்கு வயது இருபத்து நான்கு. பியாத்சி குறித்து வைத்திருந்த கணக்கிலிருந்து பாதையைக் கண்டு, இன்ன இடத்தில் தேடுங்கள் என்றார். அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் தேதி, அவர் சொன்ன இடத்தருகிலேயே செரஸ் மீண்டும் அகப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, பியாத்சி ஒழுங்காகக் குறித்து வைத்த நாள்வழி இல்லாவிட்டால் காஸின் மேதை எதற்கும் பயன்பட்டிராது என்பதே.

3. பிள்ளை செய்ய வேண்டிய ஆயத்தம்

முதலாவது, கணிதமும் பௌதிகமும். நம் பள்ளிகளில் கூடுதல் கணிதப் பாடத்தில் வெக்டரும் வகையீடும் வருகின்றன. பரீட்சைக்காக அவற்றை மனப்பாடம் செய்வது வேறு. எதற்காக வந்தன என்று அறிந்து கையாளுவது வேறு. முக்கோணவியல் தடுமாறினால் வானத்தில் ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. பௌதிகத்தில் நியூட்டனின் ஈர்ப்பு விதியும் கெப்ளரின் மூன்று விதிகளும் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. நம் பிள்ளைகளில் பலர் பௌதிகத்தை மலாயில் படிக்கிறார்கள். அங்கே எல்லாம் ஆங்கிலம். மலாய்ச் சொல் ஒருபுறம், ஆங்கிலச் சொல் ஒருபுறம் எழுதி ஒரு சிறு புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். நம் மகள் மூன்றாவதாகத் தமிழ்ச் சொல்லையும் சேர்த்தாள். நமக்கு விளக்குவதற்கு அது தேவைப்பட்டது.

மூன்றாவது, கணினிக்குக் கட்டளை எழுதும் பழக்கம். அங்கே பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்குப் போடுகிறார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள சாதாரண மடிக்கணினி போதும். தூரத்தை முதலில் ஓர் உத்தேசமாக வைத்து, அதைக் கொண்டு கணக்குப் போட்டு, வந்த விடையால் உத்தேசத்தைத் திருத்தி, மறுபடி போட்டு, விடை அசையாமல் நிற்கும் வரை செய்வதே காஸ் வழியின் உட்பொருள். நாம் சரக்குக்கு மதிப்பு விலை வைத்துச் சந்தை நிலவரம் பார்த்துத் திருத்துவது போன்றது. கையால் செய்தால் நாளெல்லாம் ஆகும். கணினி நொடியில் செய்யும். ஆனால் கட்டளையில் ஒரு குறி தவறினாலும் தப்பான விடையையும் அதே வேகத்தில் தரும்.

இங்கே மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினிக் கணக்கு முறைக்கு இன்று உலகம் வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. ‘அல்ஜீப்ரா’ என்பது அவருடைய நூலின் பெயரிலுள்ள அல்ஜப்ரு என்ற சொல். நட்சத்திரப் படத்தை மகள் விரித்தபோது அல்தபரான், ரிஜல், தெனப் என்று எழுதியிருந்தது. அவளுக்கு அவை வெறும் பெயர்கள். பின்தொடர்வது, கால், வால் என்று நாம் பொருள் சொன்னோம். அந்தப் பாடத்தில் நம்மால் சொல்லிக் கொடுக்க முடிந்தது அவ்வளவே.

நான்காவது, வானத்தைக் கண்ணால் பார்த்துப் பழகுவது. பினாங்கில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகையே நிற்கும். பெரும்பாலும் மூட்டத்தில் மறைந்துவிடும். சொக்கோரோவில் அது முப்பத்து நான்கு பாகை உயரத்தில் தெளிவாக நிற்கும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே அங்கே துருவ நட்சத்திரத்தின் உயரம். இப்படிப்பட்ட செய்திகளைப் படித்தறிவதோடு நில்லாமல் பார்த்தறிய வேண்டும். நம் தீவில் பந்தாய் ஆச்சேயில் ஷெய்கு தாஹிர் வானியல் நிலையம் இருக்கிறது. பிறை பார்க்கும் இடமென்றே நம்மில் பலர் அதை அறிவோம். பிள்ளைகளையும் அப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போகலாம்.

ஐந்தாவது, நாள்வழி எழுதும் பழக்கம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

4. மொட்டை மாடியில் நடந்தது

ஆசிரியர் ஒருவர் நம் மகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். சந்திரன் நட்சத்திரங்களுக்கு இடையே எவ்வளவு நகர்கிறது என்பதை மூன்று முறை பார்த்து அளக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் மூடிய முஷ்டியின் அகலம் சுமார் பத்துப் பாகை. சுண்டுவிரலின் அகலம் சுமார் ஒரு பாகை. இவையே அளவுகோல். நேரத்தை நம்மூர் நேரத்தில் எழுதாமல், வானியலார் எல்லோரும் வழங்கும் பொது நேரத்தில் எழுத வேண்டும். மலேசிய நேரத்திலிருந்து எட்டு மணியைக் கழித்தால் பொது நேரம் வரும்.

திங்கள் இரவு ஒன்பது மணிக்கும் செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கும் கடைக்கு மேலுள்ள மொட்டை மாடியில் நின்று அளந்தாள். நாம் டார்ச் பிடித்தோம். புதன் இரவு மேகம் மூடிவிட்டது. வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்கு வானம் வெளுத்திருந்தது; எழுப்பினோம், அளந்தாள்.

கணக்குப் பொருந்தவில்லை. சந்திரன் மணிக்கு அரைப் பாகையும் சற்றுக் கூடுதலுமாக நகரும். செவ்வாய் இரவிலிருந்து முப்பது பாகை நகர்ந்திருக்க வேண்டும் என்றது அவள் போட்ட கணக்கு. அளந்ததோ பதினேழு பாகை. பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கு அளக்கவே தெரியல அத்தா, இவங்க என்னை எப்படி எடுப்பாங்க?” என்று சொல்லிவிட்டு, பதினேழை அழித்து முப்பது என்று எழுத ரப்பரை எடுத்தாள்.

அப்போதுதான் நாம் குறுக்கிட்டோம். விஞ்ஞானம் நமக்குத் தெரியாது. கணக்குப் புத்தகம் தெரியும். முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவர் நாம். “நாள்வழியில அழிக்கக் கூடாதும்மா. தப்புன்னு பட்டா ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, தேதி போட்டு வை. அழிச்சுட்டா தப்பு எங்கன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது” என்றோம். பிறகு ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொன்னோம், பற்று வரவு பார்ப்பது போல.

மூன்றாம் வரியில் ‘வியாழன், பொது நேரம் 21 மணி’ என்று எழுதியிருந்தாள். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டைக் கழித்தால் முந்தின நாள் இரவு ஒன்பது. அது புதன் அல்லவா! மணியைக் கழித்தவள் கிழமையைக் கழிக்க மறந்துவிட்டாள். வியாழன் மாலை மஃரிபுக்குப் பிறகு வருவதை வெள்ளி இரவு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நாள் எங்கே தொடங்குகிறது என்பது கணக்குக்குக் கணக்கு மாறும் என்பது நமக்குப் புதிதன்று. அதனால் தப்பு சட்டென்று கண்ணில் பட்டது. 56 மணி என்று அவள் வைத்தது உண்மையில் 32 மணி. 32 மணிக்குச் சுமார் பதினேழரைப் பாகை. அவள் அளந்தது சரியாகவே இருந்தது!

பதினேழை அழித்து முப்பது எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கு அழகாகப் பொருந்தியிருக்கும். பொய்யாகவும் இருந்திருக்கும். சரியான அளவை அழித்து, தப்பான தேதியைக் காப்பாற்றியிருப்பாள். சிறுகோளின் இடத்தை விகலைக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600 இல் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும் அளவு. அவ்வளவு நுட்பமான வேலையில் கை கூசாமல் தன் தப்பை எழுதி வைப்பவரே முன்னேற முடியும். இதுவே நம் பாடத்தின் சாரம்.

5. முதலாவதாக வருகிறவர்கள் முப்பத்தாறு பேர்

அங்கே வருகிற ஒவ்வொருவரும் தத்தம் பள்ளியில் சிறந்தவர். எனவே பலருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்குத் தனியாக வராமல் நிற்கும். வேண்டுமென்றே அவ்வளவு கடினமாகக் கொடுக்கிறார்களாம், ஒருவரையொருவர் கேட்டுச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதற்காக. மார்க்கும் இல்லை, இத்தனாவது இடம் என்பதும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இதுவே கடினம். “எனக்குப் புரியவில்லை” என்று சொல்வதை நாம் அவமானமாக வளர்த்துவிட்டோம். ஆகவே ஆறாவது ஆயத்தம், கேட்கப் பழகுவது. நம் மகள் வாரம் ஒருநாள் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்து, மூவருக்கும் தெரியாத ஒரு கணக்கை எடுத்துச் செய்கிறாள். விடை வராத வாரமும் உண்டு.

6. பெற்றோர் செய்ய வேண்டிய ஆயத்தம்

விண்ணப்பம் கோடைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மார்க்குப் பத்திரமும், ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதமும், பிள்ளை தன் கையால் எழுதிய கட்டுரைகளும் வேண்டும். கடைசி வாரத்தில் ஆசிரியரிடம் போய் நிற்கக் கூடாது. கட்டுரையைப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பது பெரும் பிழை.

செலவைத் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். தேவையுள்ள குடும்பங்களுக்கு உதவி உண்டு. ஆனால் விமானச் செலவு, விசா, கைச்செலவு ஆகியவற்றைத் தனித்தனியே விசாரித்து, வெள்ளிக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கோடை விடுமுறை என்பது இங்கே பள்ளி நடக்கும் காலமாதலால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சாப்பாட்டு விஷயத்தையும் முன்னரே எழுதித் தெரிவிப்பது நலம். சொக்கோரோ போன்ற ஊர்கள் உயரமான வறண்ட பூமி. பகலில் வெயில் சுடும், இரவில் குளிரும். தொலைநோக்கி வேலை இரவில்தான். ஆகையால் கம்பளிச் சட்டை ஒன்று அவசியம். அங்கே நேரம் நமக்குப் பதினான்கு மணி பின்தங்கியது. நாம் காலை பத்து மணிக்குக் கடை திறக்கும்போது அங்கே முந்தின நாள் இரவு எட்டு. நினைத்தபோதெல்லாம் தொலைபேசியில் கூப்பிடாமல், வாரத்தில் ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கூப்பிடும்போது “நீதானே முதலாவது?” என்று கேட்கக் கூடாது. “இந்த வாரம் எது புரியவில்லை?” என்று கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலான ஆயத்தம், பிள்ளையைக் கடையிலிருந்து விடுவிப்பது. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பை அழிக்கக் கூடாது என்று மகளுக்குச் சொன்ன பிறகு, நம் நாள்வழியில் நாமே அழிக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் நம் மூத்த மகன் விஞ்ஞான முகாம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கும் தாளைக் கொண்டுவந்தான். ஆசிரியரே அவனைத் தேர்ந்து கொடுத்திருந்தார். பெருநாள் வியாபாரம் தலைக்கு மேல் இருந்தது. “கடையை யார் பார்க்கிறது?” என்று கேட்டோம். அவன் மறு பேச்சுப் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சரக்கு இறக்கப் போனான். அந்தப் பெருநாளில் என்ன லாபம் வந்தது என்று இப்போது நமக்கு நினைவில்லை. அந்தத் தாள் நினைவிருக்கிறது. இன்று அவன் கடையைத் திறம்பட நடத்துகிறான். குறை ஒன்றும் சொன்னதில்லை. தங்கை விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தபோது, ஒரு பெண் பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது, மாலையில் கல்லாவில் யார் உட்காருவது என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தோம். அவன்தான் சொன்னான்: “தங்கச்சி போகட்டும் அத்தா. அவ நேரத்தையும் சேர்த்து நான் பார்த்துக்கிறேன்.”

முடிவு வரும். முப்பத்தாறு இடத்துக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் கேட்கிறார்கள், கிடைக்காமலும் போகலாம். போனால் இந்த ஆயத்தம் நஷ்டக் கணக்கா? ஐந்தொகை எடுத்துப் பார்த்தோம். கணிதம் கூடியிருக்கிறது, கேட்கப் பழகியிருக்கிறாள், தப்பை மறைக்காமல் எழுதுகிறாள். வரவுப் பக்கமே கனமாக இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க

(அ) வளர்பிறையில் மூன்று இரவு, ஒரே நேரத்தில், சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து எத்தனை முஷ்டி தள்ளியிருக்கிறது என்று பிள்ளைகளோடு பார்த்து எழுதுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் பதின்மூன்று பாகை நகர்கிறதா என்று சரி பாருங்கள்.

(ஆ) பொருந்தாத அளவு வந்தால் அழிக்காதீர்கள். கோடு போட்டுக் காரணம் தேடுங்கள்.

(இ) உங்கள் பிள்ளை எப்போதாவது கொண்டுவந்து, நீங்கள் படிக்காமல் மடித்து வைத்த தாள் ஏதேனும் உண்டா? இருந்தால் எடுத்துப் படியுங்கள். கடைசித் தேதி இன்னும் கழியாமலிருக்கலாம்.